இறுதியாட்டத்துக்கு வராதவன்

ஏப்ரல் 9, வியாழன்

காலை மழை, பிறகு ஆலங்கட்டி, மதியம் வெயில். மூன்றையும் நூலகச் சன்னலில் நின்று பார்த்தாயிற்று. அடித்தளச் சலவை அறையில் இன்று எங்கள் முறை. மறந்துபோனேன். அம்மாவும் மறந்துவிட்டார், அதனால் சண்டை இல்லை.

மாலை கழகத்தில் கூட்டம். பெருமைச் சுவர்க் குழு. மூன்றே பேர்: ஆன்டர்ஸ், பெரித், நான். இனி ஆ., பெ.

ஆ. கழகத் தலைவர். முன்பு ஆண்கள் அணியில் பந்து எறிபவர். பெ. சிற்றுண்டிக் கடை, சாவிகள், மைதானத்துக்குக் கோடு போடும் வண்டி எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மகன் விளையாட வந்தபோது கூட வந்தவர். மகன் விட்டுப் போன பிறகும் போகவில்லை. நான் பெண்கள் அணியில் கொடி ஆட்டம் ஆடுபவள். அமெரிக்கக் கால்பந்துதான், ஆனால் மோதல் இல்லை. இடுப்பில் தொங்கும் கொடியைப் பறித்தால் ஆள் பிடிபட்ட மாதிரி. இதை அம்மாவுக்கு விளக்கியே ஓர் ஆண்டு போனது. நூலகத்தில் வேலை செய்பவளுக்குப் பழைய காணொளிகளை ஒழுங்குபடுத்தத் தெரியும் என்று ஆ. நம்புவதால் குழுவில் இருக்கிறேன். நான் அதிகம் ஒழுங்குபடுத்துவது குழந்தைகளின் படப் புத்தகங்கள்.

பெருமைச் சுவர் என்பது என் மொழிபெயர்ப்பு. உடைமாற்றும் அறைக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் இடையில் ஓர் ஒடுங்கிய வழி, அதன் ஒரு பக்கம். கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் படங்கள். ஆ.வின் படமும் உண்டு. அதற்குக் கீழே நின்று பேச நேர்ந்தால் மெல்ல நகர்ந்துவிடுவார்.

இந்த ஆண்டுப் பரிந்துரை: ரூபன் கனகசபை. ரிசீவர். முன்னே ஓடிப்போய், எறிபவர் எறியும் நீளப் பந்தைப் பிடிக்கிறவர்.

பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். எங்கள் ரூபன் அண்ணா. அம்மாவின் தோழி மலர் அன்ரியின் மகன். இங்கே கொஞ்சக் காலம் விளையாடினார் என்று தெரியும். சுவர் வரைக்கும் வரக்கூடிய ஆள் என்று தெரியாது.

ஆ. சொன்னது: இந்தக் கழகத்தில் ஆடிய எல்லோரும் பழகி வந்தவர்கள், அவன் ஒருவன்தான் பிறக்கும்போதே கொண்டுவந்தவன்.

பெ. சொன்னது: சில கோடைகள் ஆடினான். ஒரு டுக்னாட்டுக்கும் வரவில்லை. இறுதியாட்டத்துக்கும் வரவில்லை.

டுக்னாட்டை நான் அம்மாவிடம் சிரமதானம் என்றே சொல்லிப் பழக்கியிருக்கிறேன். குறித்த சனிக்கிழமை எல்லோரும் வந்து கூட்டி, பெயின்ற் அடித்து, சொசேஜ் சாப்பிட்டுப் போவது. கூலி இல்லை. வராவிட்டால் தண்டனையும் இல்லை; ஆயுள் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பெ. என்னிடம், உனக்கு உறவா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படித் தெரியும்? பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில், தமிழ்ப் பாடசாலை என்று அடுக்கினேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே உறவு மாதிரிதான் இருந்தது.

ஆ. ஆம். பெ. இல்லை. என் வாக்கு மிச்சம். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். ஒருமுறை தள்ளிய பெயர் மறுபடி வர முடியாது என்பது இவர்களின் விதி. ஏன் அப்படி ஒரு விதி என்று கேட்டேன். அதை யார் எழுதியது என்று இருவருக்கும் தெரியவில்லை.


ஏப்ரல் 11, சனி

குளிர். தெளிந்த வானம். வாங்க வேண்டியவை: பால், கருவேப்பிலை, முழங்காலுக்குச் சுற்றும் துணி.

பழைய காணொளிகள், வீட்டில், தேநீரோடு. படம் பிடித்தவர் யாரோ ஓர் ஆட்டக்காரரின் தந்தை. பாதி நேரம் மேகத்தைப் படம் பிடித்திருக்கிறார். காற்று இரைச்சல்.

ஆனால் ரூ. அண்ணா வரும் இடங்கள்.

திரும்பத் திரும்பப் பார்த்ததில் கண்டுபிடித்தது: கையை அவர் கடைசி நொடி வரை தூக்குவதே இல்லை. மற்றவர்கள் பந்து வானில் இருக்கும்போதே இரு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், குழந்தையை வாங்கப் போகிற மாதிரி. அதைப் பார்த்துத் தடுப்பவனும் தாவுகிறான். இவரோ சும்மா ஓடுகிறார். பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் அடுத்த பஸ்ஸுக்குப் போகிற ஓட்டம். தடுப்பவன் இவர் முகத்தைப் பார்க்கிறான், ஒன்றும் இல்லை, தளர்கிறான். அப்போது கை எழுகிறது. பந்து ஏற்கெனவே அதில் இருக்கிறது.

எழுதிப் பார்த்தால் எளிது. எழுந்து கூடத்தில் நின்று தலையணையை மேலே எறிந்து செய்து பார்த்தேன். விளக்குக் கூடு சாய்ந்தது. அம்மா சமையலறையிலிருந்து, "என்னடி உடைக்கிறாய்?"

முதுகுக்குக் குறுக்கே அவர் பெயர். கனகசபை, முழுதாக. எழுத்துகள் கூடிப்போய் இரு தோளுக்கும் வளைந்து இறங்கியிருந்தன.

இறுதியாட்டக் காணொளியும் இருக்கிறது. அதில் அவர் இல்லை. ஆ. எறிகிறார், பந்து விழுகிறது. மறுபடியும். யாரோ ஒருவன் இரு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுகிறான்.

கேள்வி: சுவர் எதற்கு? நடந்ததைப் பதிவதற்கா, நல்லவர்களுக்கு நன்றி சொல்வதற்கா? நூலகத்தில் ஓர் எழுத்தாளர் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தருவதே இல்லை. அவர் எழுதிய நாவலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோமா? இல்லை. ஆனால் அவர் வாசலில் வரும்போது எல்லோரும் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொள்கிறோம். அதுவும் ஒரு வாக்குத்தான்.


ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்துக் குளித்து, வேலைக்கு அரை நாள் விடுப்பு, அம்மாவோடு கோயில். வெளியே நனைந்த பனி. உள்ளே பட்டுச் சேலைகளுக்குக் கீழே தடித்த காலுறைகள்.

கோயிலில் மலர் அன்ரி ரூ. அண்ணாவின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "எல்லாம் உன்னாலைதான் பிள்ளை." பின்னால் நின்ற இருவர் வாழ்த்தினார்கள். மடைப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர், வெள்ளைக்காரன்ரை கிளப்பிலை எங்கடை பொடியன்ரை படம், என்று சொல்லிக்கொண்டு போனார்.

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். நல்ல விதமாக அல்ல.

வீடு வரும் வழியில் அம்மாவோடு:

"நான் பேர் வந்திருக்கெண்டுதானே அம்மா சொன்னனான்."

"அதைத்தான் நானும் சொன்னனான்."

"படம் வைக்கினம் எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள்."

"பேர் வந்தாப் பிறகு வைக்காமல் விடுவினமோ? அப்பிடியெண்டால் ஏன் பேரை எடுக்கினம்? ஆளைக் கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்துற வேலையெல்லோ."

யோசித்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் விழாக்களில் ஒரு பெயர் வாசிக்கப்பட்டால் பொன்னாடை ஏற்கெனவே மடித்து மேசைக்குக் கீழே தயாராக இருக்கும். பெயரைச் சொல்லி, மூன்று பேர் இருந்து ஆராய்ந்து, வேண்டாம் என்று விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆராய்வதெல்லாம் பெயரைச் சொல்வதற்கு முன்பு, சமையலறையில் நடக்கும்.

அம்மாவிடம் வியாழக்கிழமையே வாயைத் திறந்தது என் பிழை.


ஏப்ரல் 16, வியாழன்

மழை. அம்மருட் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் குடையை மறந்து, திரும்பப் போனால், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மலர் அன்ரி வீட்டுக்கு வந்தார், பயத்தம் பணியாரத்தோடு. கதிரையின் நுனியில் இருந்தார். ஒரு விசயம் கேட்கத்தான் வந்தாராம். படத்துக்குக் கீழே பெயரை முழுதாகப் போடுவார்களா, இல்லை ரூபன் என்று மட்டுமா?

முழுதாகத்தான், என்றேன்.

"கனகசபை எண்டு?"

"ஓம் அன்ரி."

தலையாட்டினார். அன்ரியின் கணவர், கனகசபை மாமா, இறந்து இது மூன்றாவது வசந்தம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. இங்கே படிவத்தில் இடம் இருந்ததால் அப்பாக்களின் பெயரைப் போட்டார்கள். அதனால் மகன் முதுகில் ஓடியது மாமாவின் பெயர். அன்ரியின் வீட்டு மணிக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே பெயர்.

இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லச் சொல் தேடினேன். அம்மா தேநீர் கொண்டு வந்தார். அன்ரி மகனின் முழங்கால், பேத்தியின் பல், தன் வீடு இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் பழுதான மின்தூக்கி என்று போனார். நான் பணியாரம் சாப்பிட்டேன். கோழை.


ஏப்ரல் 18, சனி

பியோர்ண்டால். ரயில், பிறகு பேருந்து. ரூ. அண்ணாவிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனேன்.

போகும் வழியில் என்னிடம் ஒரு கொள்கை தயாராக இருந்தது. இறுதியாட்டம் நடந்த நாள் அவருடைய தங்கை தர்சினியின் சாமத்தியவீடு, அவள் பெரியவளான சடங்கு. நானும் போயிருக்கிறேன், சிறு பிள்ளையாக. வாசலில் பட்டு வேட்டியோடு ரூ. அண்ணா நின்றது நினைவிருக்கிறது. கழகத்தில் இதை 'ஏதோ பிறந்தநாள் விருந்து' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். வேறு ஒரு பொறுப்பில் நின்றவர். இதை பெ.வுக்கு அழகாக விளக்கி ஒரு பக்கம் எழுதலாம். பேருந்தில் முதல் வரி கூட வந்துவிட்டது.

அவர் கதவைத் திறந்தபோது தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தொப்பை. மின்தூக்கி திருத்தும் வேலை. (எல்லிங்ஸ்ருட் மின்தூக்கியைப் பற்றிக் கேட்டேன். அது வேறு கொம்பனியாம்.) நான் என் கொள்கையைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். மகளை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"அப்பிடி எழுதாதையும்."

"ஏன் அண்ணா?"

"உண்மை இல்லை. மத்தியானத்தோடை என்ரை வேலை முடிஞ்சுது. மச் பின்னேரம். கார்த் திறப்பு என்ரை பொக்கெற்றுக்கை கிடந்தது."

"பிறகு?"

"சோறு சாப்பிட்டன். மேடைக்குப் பின்னாலை பாயொண்டு கிடந்தது. படுத்திட்டன். போன் அடிச்சுக்கொண்டே கிடந்தது, கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தனான்."

"ஏன் போகேல்லை?"

யோசித்தார். என்னைச் சமாளிக்க அல்ல, உண்மையாகவே தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பஞ்சி," என்றார். வெறும் சோம்பல்.

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் சிரிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் தனக்குப் பெரிய விருப்பம் ஒருநாளும் இருந்ததில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் ஒருவன் பந்தை எறிந்தான், பிடித்தார், வா என்றார்கள், போனார். "பிடிக்கத் தெரியும். அது வேறை, விருப்பம் வேறை." மற்றப் பொடியன்கள் தோற்றால் அழுவார்களாம். அவர் உடைமாற்றும் அறையில் அவர்களைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்று இருப்பாராம்.

கையைத் தாமதமாகத் தூக்குவதைப் பற்றிக் கேட்டேன். யார் சொல்லித் தந்தது? அவருக்கு அப்படி ஒன்று செய்வதே தெரியாது. "அப்பிடியே? நேரத்தோடை தூக்கினால் கை நோகுமெல்லோ."

டுக்னாட்? அதுவும் பஞ்சிதான்.

கடைசியாக, சுவரில் படம் வருவது அவருக்கு விருப்பமா என்று கேட்டேன். அம்மாவுக்கு விருப்பமாம் என்றார். உங்களுக்கு? "அப்பான்ரை பேர் அங்கை இருந்தால் நல்லம்தான்." பிறகு, "ஆனால் அதுக்கெண்டு பொய் எழுதாதையும். பெரித் நல்ல மனுசி."

திரும்பும்போது பேருந்தில் ஏமாற்றம். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதுவும் எங்கள் பண்பாட்டிலிருந்து, கொஞ்சம் கண்ணியமாக. அவர் தரவில்லை. நான் எறிந்ததில் அவர் பிடிக்காத ஒரே பந்து அது.

(இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே சந்தேகம்.)


ஏப்ரல் 19, ஞாயிறு

வெயில். பல்கனியில் முதல் முறை காலுறை இல்லாமல். 

எல்லிங்ஸ்ருட். மின்தூக்கி இன்னும் பழுது. படியேறி மலர் அன்ரி வீடு. மடிக்கணினியைக் கொண்டு போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனது. காணொளி ஒரு சாட்டு. அன்ரி மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. சனி ஞாயிறுகளில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை, மாமாவுக்கும் அப்படித்தான்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் எது மகன் என்று தெரியவில்லை, எல்லோரும் தலைக்கவசத்தோடு. பிறகு அவர் திரும்பி ஓடினார், முதுகு தெரிந்தது.

"இவற்றை பேர்," என்றார் அன்ரி. மாமாவைச் சொல்கிறார்.

பந்து வந்தது, கை எழுந்தது. அன்ரி பந்தைப் பார்க்கவில்லை. நிறுத்தச் சொல்லி, பெயர் தெரியும் இடத்தில் வைக்கச் சொன்னார். நிறுத்தினேன். படம் மங்கல்தான், ஆனால் வாசிக்கலாம். தேநீர் ஆறி ஆடை கட்டும் வரை அதைப் பார்த்தோம். 

பிறகு எல்லாம் பார்த்தார். கேள்விகள்: எறியும் பொடியன் யார்? நல்ல பொடியனா? இடிக்கிற பொடியனுக்குத் தாய் தகப்பன் இல்லையா? மைதானம் ஏன் இவ்வளவு சேறு?

இறுதியாட்டத்தைக் காட்டாமல் மூடப் போனேன். "அதென்ன கடைசி?" என்றார். போட்டேன். எங்கே ரூபன் என்று கேட்டார். இல்லை அன்ரி, அன்றைக்குத் தர்சினியின் சாமத்தியவீடு. ஆட்டம் இருந்ததே அவருக்குத் தெரியாது. மகன் சொல்லவில்லை. கழகத்திலிருந்து அழைத்தார்கள் என்றேன். போன்கூட எடுக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

எல்லாம் சொன்னேன். முடிவாகவில்லை, பெ. வேண்டாம் என்கிறார், என் வாக்கு மிச்சம் என்று. அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னவுடன் நான் அவருக்கு முன்னால் ஓர் அதிகாரி மாதிரி ஆகிவிட்டேன். ஆனால் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெ.வைப் பற்றித்தான் கேட்டார்.

"சிரமதானத்துக்கு ஒருநாளும் போகேல்லையோ இவன்?"

"ஒருநாளும் இல்லை அன்ரி."

"கோயில்லை தேர் இழுக்க வாறவன். சாப்பாட்டு நேரம் பார்த்து." கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்தது எப்ப?"

"வாற சனி."

மிச்சப் பணியாரத்தைக் கட்டித் தந்தார்.


ஏப்ரல் 22, புதன்

பயிற்சி. குளிர்காலத்தில் வீதிக்குப் போட்ட சரளைக் கல் மைதான ஓரம் முழுக்க. கையைத் தாமதமாகத் தூக்கிப் பார்த்தேன். பந்து மூக்கில். இரத்தம் இல்லை, அவமானம் மட்டும். வழக்கம்போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததில் இரண்டு சரி.

எனக்கு இந்த ஆட்டத்தில் எவ்வளவு விருப்பம். கைதான் கேட்கவில்லை. அவருக்கு நேர் எதிர். இதை யார் இப்படிப் பங்கு வைத்தது?

பிறகு பெ.வின் கடையில் கோப்பி. கேட்டேன்: இத்தனை காலம் செய்கிறீர்கள், சுவரில் உங்கள் படம் ஏன் இல்லை?

பெ.: நான் பந்தைத் தொட்டதே இல்லை. அந்தச் சுவர் ஆடியவர்களுக்கு.

பிடித்தேன் என்று நினைத்தேன். அப்படியென்றால் டுக்னாட்டை ஏன் கணக்கில் எடுக்கிறீர்கள்? ஆட்டம்தானே அளவு?

வாஃபிள் சுடும் இரும்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: சரி, டுக்னாட்டை விடு. இறுதியாட்டமும் ஆட்டம்தான். அவன் சட்டையை நான்தான் அன்று காலை மடித்து, அணி உட்காரும் வாங்கில் வைத்தேன். ஆட்டம் முடிய நான்தான் திரும்ப எடுத்தேன்.

கோப்பி நன்றாக இருந்தது.


ஏப்ரல் 25, சனி

டுக்னாட். காற்று, ஆனால் காய்ந்த நாள். என் வேலை: சரளை கூட்டுதல். வலது கையில் கொப்புளம்.

மலர் அன்ரி வந்தார். எல்லிங்ஸ்ருட்டிலிருந்து நடந்து. சொந்த வாளி, சொந்தக் கையுறை, ஒரு பெட்டி நிறையப் பொரித்த ரோல்ஸ். அவர் மகன் வரவில்லை. பெ. முன்னால் போய் நின்று, நான் ரூபனின் தாய், என்ன செய்ய, என்று கேட்டார். பெ. ஒரு கணம் தடுமாறி, சன்னல்கள் என்றார்.

பக்கத்திலேயே கூட்டிக்கொண்டிருந்தேன், காது முழுக்க அங்கே. பெ. கேட்டார்: மகனுக்குப் பதிலாகவா வந்தீர்கள்? அன்ரி பேசும் நொர்ஸ்க், இந்நாட்டு மொழி, வேலைத்தளத்தில் பழகியது, குறுக்காகப் போகும். இல்லை என்றார். அவனுக்குப் பதில் நான் வந்தால் அவன் இன்னும் வரமாட்டான். நீங்கள் போடப்போவதோ போடாமல் விடப்போவதோ என் புருசனின் பெயர். அது எந்த இடம் என்று பார்க்க வந்தேன்.

பெ. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். நீண்ட நேரம் வரவில்லை. வெளியே வந்தபோது இருவரும் முட்டி வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் ரோல்ஸ் முடிந்த பிறகுதான் சொசேஜுக்கு ஆள் போனது. ஆ. மூன்று சாப்பிட்டார். அன்ரி அவரைக் காட்டி என்னிடம், "இவரே அந்த எறியிற பொடியன்? நரைச்சுப்போச்சு." ஆ.வுக்கு மொழிபெயர்க்கவில்லை.

சாமான்கள் அடுக்கும்போது பெ.விடம் கேட்டேவிட்டேன்: இது ஏதாவது மாற்றியிருக்கிறதா?

பெ.: அருமையான மனுசி. ஆனால் நாம் வாக்குப் போடுவது அவருக்கு இல்லை.

மாற்றியிருக்கும், என் வேலை எளிதாகும் என்று காலை முழுக்கக் கூட்டிக்கொண்டே நினைத்திருந்தேன்.


ஏப்ரல் 27, திங்கள்

மேகம். பிர்ச் மரத்தூள், தும்மல். வேலையில் கதை நேரத்துக்கு வந்த குழந்தைகளில் ஒன்று புத்தகத்தைக் கடித்துவிட்டது.

நாளை வாக்கு. பக்கங்கள்:

ஆம் என்றால்: பிடித்தது நடந்தது. பார்த்தேன். ஆ.வின் படம் அங்கே இருப்பதில் பாதி இவருடைய கை என்று ஆ.வே சொல்கிறார். விருப்பம் இல்லாமல் பிடித்த பந்தும் பிடித்த பந்துதான்.

இல்லை என்றால்: வாங்கில் மடித்து வைத்த சட்டை.

மாமாவின் பெயர்: எந்தப் பக்கத்திலும் எழுதக் கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அம்மா கேட்டார், என்ன முடிவு. சொல்லமாட்டேன் என்றேன். பாடம் படித்துவிட்டேன். "எனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப்போறாய்?" என்று பயறைக் கிளறப் போய்விட்டார்.


ஏப்ரல் 28, செவ்வாய்

நாள் முழுக்கத் தூறல். கழக அறையில் மூவரும்.

ஆம் என்றேன். ஒரு நிபந்தனையோடு: படத்துக்குக் கீழே வரும் வாசகத்தை எழுதுவது நான், அதில் எல்லாம் இருக்கும். பெயர், ஆடிய ஆண்டுகள், இந்தக் கழகம் கண்ட கைகளில் சிறந்தவை. கடைசி வரி: இறுதியாட்டத்துக்கு வரவில்லை.

ஆ. அந்த வரி வேண்டாம் என்றார். சுவர் கொண்டாட்டத்துக்கு, இது புகார் மாதிரி. நான் சொன்னேன், அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதே அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதற்குச் சாட்சி. அந்த வரியை எடுத்தால் அந்தச் சாட்சியும் போய்விடும். பெ. என்னைப் பார்த்தார்.

வரி நியாயமானது என்றார் பெ. தன் வாக்கு இன்னும் 'இல்லை'தான் என்றார். அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டுக்கு ஒன்று.

எழுந்து கொண்டே பெ. கேட்டார்: சுவர் கொங்கிறீட். திருகாணி யார் வாங்குவது?

மலர் அன்ரிக்குத் தொலைபேசி. முதலில் முடிவு. பிறகு வாசகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன், கடைசி வரி வரைக்கும். மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், பிறகு நின்றது.

"நான் வந்து சன்னல் துடைச்சதுக்கோ போட்டவை?"

"இல்லை அன்ரி. பெரித் பிறகும் வேண்டாமெண்டுதான் சொன்னவ."

"நல்லம்," என்றார். குரலில் உண்மையான நிம்மதி. "கடைசி வரி இருக்கட்டும். கனகசபைக்கும் பொய் பிடிக்காது." அன்ரி மாமாவைப் பெயர் சொல்லிப் பேசி இன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

ரூ. அண்ணாவுக்குக் குறுஞ்செய்தி. பதில் ஒரு கட்டைவிரல் படம். பஞ்சி.


மே 2, சனி

வெயில், பிர்ச் தளிர், எல்லோருக்கும் மூக்கொழுகல். கழகத்தில் படம் மாட்டும் நாள். மாலையில் சிறு கூட்டம், அதற்கு முன் வேலை.

ஆ. துளைப்பான் கொண்டு வர மறந்துவிட்டார். பெ.விடம் இருந்தது. ஆகவே வேண்டாம் என்று வாக்குப் போட்டவரே ஏணியில் ஏறினார். மலர் அன்ரி ஏணியைப் பிடித்தார், நான் படத்தை. கொங்கிறீட் அழுதது. வெள்ளைத் தூள் எங்கள் மூவர் தலையிலும், கீழே தரையிலும். நேராக இருக்கிறதா என்று பெ. கேட்டார். அன்ரி பின்னால் போய்ப் பார்த்து, நொர்ஸ்க்கில், இடது பக்கம் கொஞ்சம் மேலே. பெ. சரிசெய்தார். இன்னும் கொஞ்சம். சரிசெய்தார். 

எல்லாம் முடிந்த பிறகு ரூ. அண்ணா வந்தார். காற்சட்டைப் பைக்குள் கை. கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லையாம். படத்தைப் பார்த்தார், வாசகத்தை வாசித்தார், கடைசி வரியில் வாய் ஓரம் லேசாக அசைந்தது. பெ. ஏணியிலிருந்து இறங்கி எதிரே நின்றார். ஆ. தொண்டையைச் செருமினார்.

பெ. மூலையில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்து ரூ. அண்ணாவிடம் நீட்டினார்.

கடைசி நொடியில்தான் கை வெளியே வந்தது. வாங்கிக்கொண்டார். தன் படத்துக்குக் கீழே கொட்டிய தூளைக் கூட்டத் தொடங்கினார். கூட்டத் தெரியவில்லை, பாதி எங்கள் சப்பாத்துகளுக்கு வந்தது. பெ. தடுக்கவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அன்ரி ஏணியை மடித்துக்கொண்டே, திரும்பாமல்:

"அந்த மூலையையும் கூட்டு."